ஆயுத பூஜைப் புயல்

புதுக் கேமராவில் மேகம் துல்லியமாய்த் தெரியும் என்று வானிலை ஆபீசுக்கு வந்த செயற்கைக்கோள் படத்துக்கும், ஆயுத பூஜையன்று டைப்ரைட்டருக்கு வைத்த கையோடு, சந்தனம் வைத்துவிட்டார் கிளார்க் எம்பார். இரண்டு நாளில் அது காய்ந்து வெளுத்தது.

"காட்டுப்பள்ளிக்கு நேரா புயல். எல்லார் லீவும் கேன்சல்," என்றார் படத்தைப் பார்த்த அதிகாரி ராமபத்ரன்.

பியூன் ஆசீர்வாதத்தின் மகளுக்குச் சாயங்காலம் கும்மிடிப்பூண்டியில் நிச்சயதார்த்தம்.

"சார், அது எம்பார் சார் வெச்ச சந்தனம். ஊட்ல எல்லாம் வந்துக்கினு கீறாங்க."

"சாட்டிலைட்டப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?"

எம்பார் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆசீர்வாதமே நகத்தால் சுரண்டினார். புயல் உதிர்ந்தது.

ராமபத்ரன் ரிப்போர்ட் எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"வலுவிழந்துடுத்து. மெட்ராசுக்கு உடனே ரிப்போர்ட் போகணும். நீயே கொண்டுபோய்க் குடு."

நகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஆசீர்வாதம் வெளியே வந்தார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. கும்மிடிப்பூண்டிக்கு எதிர்த்திசையில் போகும் மெட்ராஸ் பஸ்தான் முதலில் வந்தது.