அக்காவின் சீலை

தியாகு கடிக்கிறான் என்ற கதை வேலி தாண்டிக் கோப்பாய் முழுக்கப் பரவிவிட்டது. இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பட்டம் கட்ட ஊருக்கு என்ன அவசரமோ! அவன் கடித்ததெல்லாம் ஒரேயொரு ஆளைத்தான். அது அவனுடைய சின்னம்மா அருமைநாயகி.

அக்கா குணலட்சுமி நெருப்புக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு, பிள்ளைக்காக என்று சொல்லி, அத்தான் நமசிவாயத்துக்கே அருமையைக் கட்டிவைத்தார்கள். அவளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பாள். தியாகு என்றால் அவளுக்கு உயிர். அக்காவை நினைத்து அழத்தான் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

பெட்டகத்திலிருந்த அக்காவின் சீலைகளை எடுத்துக் கொடுத்தவள் நமசிவாயத்தின் தமக்கை சின்னாச்சி.

"கொக்காவின்ரை சீலையைக் கட்டு. பெடியன் தாயெண்டு நினைச்சு ஒட்டிக்கொள்ளுவான்."

நல்ல யோசனைதான்! சீலை கண்ணில் பட்டதும் "அம்மா!" என்று விழுந்தடித்து ஓடிவருவான். மடியில் முகம் புதைப்பான். பிறகு நிமிர்ந்து பார்ப்பான். பார்த்த உடனே பல் பதியும்.

அவள் கையெல்லாம் கன்றிப்போயிருந்தது. ஒருநாள் அடித்தும் பார்த்தாள். அடித்துவிட்டு அவனைவிட அதிகமாக அழுதாள். தன்னை மட்டும் இப்படி வெறுக்கிறானே என்ற நினைப்புத்தான் அவளைத் தின்றது.

அன்று பின்னேரம் சின்னாச்சி செத்தல் மிளகாயோடு வந்துவிட்டாள்.

"வாயிலை ஒருக்காத் தேய்ச்சுவிட்டால் பிறகு கடிக்கமாட்டான்."

"வேண்டாம் மச்சாள். பச்சைப் பிள்ளை."

"அப்ப உவனை நான் பண்டத்தரிப்புக்கு, என்ரை வீட்டை கொண்டுபோறன். உன்னட்டை உவன் ஒட்டமாட்டான்."

புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்த நமசிவாயம் நிலத்தைப் பார்த்தபடி, "அக்கா சொல்லுறதும் சரிபோலைதான் கிடக்கு. விடியக் கூட்டிக்கொண்டு போகட்டும்," என்றார். தமக்கைக்கு எதிராக வாய் திறக்கத் தெரியாத மனுசன்.

அருமை கிணற்றடிக்குப் போய் அழுதாள். தலையில் தண்ணீரை அள்ளி ஊற்றி, கொடியில் கிடந்த தன் பழைய நூற்சீலையைச் சுற்றிக்கொண்டு திரும்பினாள். தியாகு வாசற்படியில் இருந்தான். ஓடிவரவில்லை. அவள் பயந்து பயந்து பக்கத்தில் அமர்ந்து கையை நீட்டினாள். அவன் கடிக்கவில்லை. விரலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எங்கை?" என்று கேட்டான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளைக்கு அவள்மேல் வெறுப்பில்லை. அந்தச் சீலை தாயைக் கூட்டிவந்து காட்டியது. நிமிர்ந்து பார்த்தால் தாய் இல்லை. சொல்ல வாய் வராத பிள்ளை வேறென்ன செய்யும்? எத்தனை தரம் அவனுக்குத் தாயைச் சாகக் கொடுத்திருக்கிறோம்! விரலை விடாத பிள்ளையோடு உள்ளே சின்னாச்சியிடம் போனாள்.

"மச்சாள், பிள்ளை எங்கையும் வரமாட்டான். சீலையளைக் கொண்டுபோங்கோ."

அவளுடைய அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. சின்னாச்சி பிள்ளையின் பிடியைப் பார்த்தாள். மிளகாயை மடியில் செருகிக்கொண்டாள்.

இனி அவன் கடிக்கமாட்டான். "அம்மா!" என்று ஓடியும் வரமாட்டான். அதையும் சேர்த்துத்தான் மூட்டை கட்டினாள் அருமை. பெட்டகத்தின் அடியில், அவள் இன்னும் கட்டாத சீலை ஒன்று கிடந்தது. எடுத்ததும் அக்காவின் மணம் வந்தது. முகத்தைப் புதைத்தாள். அக்கா பக்கத்தில் நின்றாள். நிமிர்ந்தாள், திறந்த பெட்டகமும் வெறும் சுவரும்தான் இருந்தன.

வாய்விட்டு அழுதால் பிள்ளை பயந்துவிடும். சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்து, பல் பதிய, அருமை இறுக்கிக் கடித்தாள்.