ஈரத்துண்டு

வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, ஈரத்துண்டை வேண்டுமென்றே கட்டில்மேல் போட்டேன். அதுவும் அவள் தலைவைத்துப் படுக்கும் பக்கமாகப் பார்த்து. பிறகு ஒன்றும் தெரியாதவன்போல நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி உள்ளே வந்தாள். துண்டைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டுபோய்க் கொடியில் காயப்போட்டாள். தலையணை உறையை மாற்றினாள். அவ்வளவுதான். போன வருடமாக இருந்திருந்தால், "வாங்க மகராசா, உங்க துண்டு கட்டில்ல படுக்கும், நான் போய்க் கொடியில தொங்கட்டுமா?" என்று ஆரம்பித்து, என்னைப் பெற்றவர்களிலிருந்து எனக்கு லைசென்ஸ் கொடுத்த அதிகாரி வரைக்கும் ஒருத்தரையும் விட்டுவைத்திருக்க மாட்டாள். அந்தத் திட்டுக்காகத்தான் ஏங்கிப்போய்க் கிடந்தேன். கல்யாணமான புதிதில் யாராவது இப்படி ஒரு காலம் வரும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அவள் வேலைபார்க்கும் துணிக்கடையில் அவளுக்குப் பட்டப்பெயர் ரேடியோ. போர்வை வாங்க வந்தவர்கள் ஜன்னல் திரையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, அவளுக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பாள். நான் நேர்மாறு. கல்லுளிமங்கன் என்பது அவள் எனக்கு வைத்த பெயர். பஸ் ஓட்டுகிறவன் நாள் முழுக்க எதிரே வரும் வண்டியைத்தான் பார்க்கிறான், யாரோடு பேசப் பழகுவான்? வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பேசிக்கொண்டிருந்தாள். நானும் நிம்மதியாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முதல் வலிப்பு கடையில்தான் வந்தது. விலை சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். பார்வை எங்கோ நிலைத்துவிட்டது. கையிலிருந்த துணியின் ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். துணிக்கடைக்காரர்கள் தரம் பார்ப்பது அப்படித்தான் என்பதால், துணி வாங்க வந்த அம்மா மரியாதையாகக் காத்திருந்தார்களாம். அப்புறம்தான் சாய்ந்தாள். பிறகு வீட்டில் வந்தபோதெல்லாம் அதே வரிசை. பேச்சு நிற்கும், கண் நிலைக்கும், கட்டைவிரல் எதையாவது தேய்க்கும், விழுவாள். ஒருமுறை பக்கத்து அறையிலிருந்து நான் ஓடி வருவதற்குள் அடுப்பில் கை பட்டுவிட்டது. அந்தத் தழும்பை இன்றைக்கும் என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை.

"மூளையில இருக்கிற செல்லெல்லாம் சின்னச் சின்ன மின்சாரத் துடிப்பால முறைவச்சுப் பேசிக்குதுங்க" என்று டாக்டரம்மா விளக்கினார். "வலிப்பு வரும்போது ஒரு கூட்டம் ஒரே நேரத்துல கத்த ஆரம்பிச்சுடுது. பக்கத்துல இருக்கிறதும் சேர்ந்துக்குது. மாத்திரை அதுங்களை அவ்வளவு சுலபமாக் கத்த விடாது."

முதலில் கொடுத்த மாத்திரைக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனது. அடுத்தது வலிப்பை அசைக்கவே இல்லை. மூன்றாவது மாத்திரை கேட்டது. ஒரு வலிப்புகூட வரவில்லை. டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்குப் பிறகுதான் வார்த்தைகள் அவளை விட்டுப் போக ஆரம்பித்தன. எல்லா வார்த்தையும் இல்லை, தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் வார்த்தை. "அந்த... வெட்டுறது எங்கங்க?" என்று கத்தரிக்கோலைத் தேடினாள். கடையில் விலை சொல்லத் திணறினாள். முதலாளி நல்ல மனுஷன். வேலையை விட்டு அனுப்பாமல், பின்கட்டில் துணி மடிக்கச் சொன்னார். மற்றவர்கள் விற்பதைக் கேட்டுக்கொண்டே அவள் மடித்தாள்.

ஒருநாள் அவள் புதிதாகத் தைத்த திரையைப் பார்த்து, ஏதோ பேச வேண்டுமே என்று, "பழசே நல்லாத்தானே இருந்துச்சு" என்றேன். அவள் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. "கழுதைக்குத் தெரியுமா..." என்று ஆரம்பித்தாள். நின்றுவிட்டாள். மிச்சம் என் வாயில் தயாராக இருந்தது. சொல்லக்கூடாது என்று கையை உயர்த்தித் தடுத்தாள். கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். கடைசியில் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்தமுறை போனபோது, "எனக்கு இந்த மாத்திரை வேணாம் டாக்டர்" என்றாள்.

"திடீர்னு நிறுத்தவே கூடாதுங்க, உயிருக்கே ஆபத்தாயிடும். கொஞ்சம் கொஞ்சமா வேற மருந்துக்கு மாத்திப் பார்க்கலாம். ஆனா அது உங்களுக்குக் கேக்கும்னு உறுதி சொல்ல முடியாது. வலிப்பு திரும்பி வரலாம்."

"கத்துற செல்லை மட்டும் பார்த்து அடக்க முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"பேச்சுக்கும் அதே துடிப்புதானே வேணும்? நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. இவங்களுக்கு ரெண்டும் சேர்ந்து அடங்கிடுச்சு."

எனக்குப் புரிந்தது. எங்கள் வண்டியில் வேகத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கண்மண் தெரியாமல் பறக்கிறவனையும் அது பிடிக்கும், லாரியை முந்தி ஒதுங்க நினைக்கிறவனையும் அதே இடத்தில்தான் பிடிக்கும்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். இருப்பது போதும், உயிரோடு இருக்கிறாளே என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மேசைமேல் இருந்த அவள் கையில் தழும்பு தெரிந்தது.

"இவருக்கு... நான் விழாம இருந்தாப் போதும் டாக்டர்" என்றாள். அதில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மாத்துங்கம்மா" என்றேன்.

அதிலிருந்து குளியலறைக் கதவைத் தாழிடக்கூடாது, தனியாக அடுப்பருகே நிற்கக்கூடாது. கடைக்கு நான் கொண்டுபோய் விட்டேன். வீட்டில் அவள் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் சாப்பிடுவேன், நின்றால் எழுந்து ஓடுவேன். "என்ன, பேயைப் பார்த்த மாதிரி ஓடி வர்றீங்க?" என்பாள். பழைய மாத்திரை குறையக் குறைய ஒவ்வொன்றாக வார்த்தைகள் வந்தன. ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவள், வாய் நிறைய நுரையோடு, "கற்பூர வாசனை!" என்று கத்தினாள். தாழிடாத கதவுக்கு வெளியே நின்று சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்றைக்குக் கடையிலிருந்து வரும் வழியெல்லாம் அவள்தான் பேசினாள். நாளையிலிருந்து முன்பக்கம் நின்று விற்றுப் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம் முதலாளி. வந்ததும் நான் குளித்தேன். துண்டை இந்தமுறை நிஜமாகவே மறந்துவிட்டேன்.

"வாங்க மகராசா" என்கிறாள், துண்டைக் கையில் தூக்கிப் பிடித்தபடி. எனக்குக் காது குளிர்கிறது. "இந்த வீட்டுல இருக்கிறது ஒரு கொடி. அந்தக் கொடி என்ன பாவம் பண்ணுச்சு? கட்டில்ல போட்டாத்தான் உங்களுக்கு..."

நிறுத்திவிட்டாள்.

பார்வை என் தோளைத் தாண்டிச் சுவரில் நிற்கிறது. கட்டைவிரல் துண்டின் ஓரத்தை மெல்லத் தேய்க்கிறது. வார்த்தையைத் தேடுகிறாளா, துணி விற்கிறவளின் விரல் பழக்கமா, எனக்குத் தெரியவில்லை. கிட்டே போய், அவள் தலைக்குப் பின்னால் ஒரு கையைக் கொண்டுபோகிறேன். தொடவில்லை.

"சொல்லு" என்கிறேன். "கட்டில்ல போட்டாத்தான் எனக்கு?"

துண்டிலிருந்து என் காலில் நீர் சொட்டுகிறது.