டேப்பட் சத்தம்

மாமாவின் வண்டியில் கம்ப்ரஷன் போய்விட்டது. நல்ல எஞ்சினாக இருந்தால், கிக்கரை மிதிக்கும் காலை அது திருப்பித் தள்ளும். உள்ளே காற்று அடைபட்டு, நெருக்கப்பட்டு, முரண்டு பிடிக்கும். மாமாவின் வண்டியோ மிதித்த மிதிக்கெல்லாம் சொத்தென்று இறங்கிக் கொடுத்தது. எதற்கும் மறுப்புச் சொல்லாத இந்தக் குணத்துக்கு எங்கள் கல்லூரியில் துறைத் தலைவர் பதவி கிடைக்கும். எஞ்சினுக்கு அது வியாதி.

மண்பாதையில் ஓட்டுவதற்கென்றே உயரமாகச் செய்த சீனத்து டர்ட் பைக் அது. டேங்கில் எழுதியிருந்த பெயர், ஊரறிந்த வேறொரு பெயரிலிருந்து ஓர் எழுத்து மட்டும் விலகி நின்றது. மாமா அதை ரேடியோவிடம் பழையதாக வாங்கினார். ரேடியோ என்றால் ஆள். மாமாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். வாய் ஓயாததால் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். இப்போது அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

வண்டி நின்றதிலிருந்து மாமா அவர் போனை எடுப்பதில்லை.

"ரிங் தேஞ்ச வண்டின்னு தெரிஞ்சே என் தலையில கட்டிட்டான். இனிமே அவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் தேய்ந்தால் காற்று கீழே கசிந்துவிடும். அது வருஷக்கணக்கில் ஓட்டியவன் செய்த தேய்மானம். ஆகவே ரிங் போயிருந்தால் ரேடியோ ஏமாற்றுக்காரர். நட்புக்கும் அதோடு முழுக்கு.

மாமாவின் மனைவியான என் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "நீதானே எஞ்சின் படிக்கிற? வந்து ரிங்கா என்னன்னு பாத்துச் சொல்லு. அந்த அண்ணன்கிட்ட பேசலன்னா இவர் அத்தனையும் என்கிட்ட பேசுறாரு. நான் எப்படா தூங்குறது?" என்றாள் போனில். அக்கா ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். இரவெல்லாம் வேலை, பகலில் தூக்கம். அதே வாயோடு ரேடியோவையும் வரச் சொல்லிவிட்டு, காலையில் வந்து படுத்துவிட்டாள்.

அவள் அறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் வண்டி நின்றது. அதனால் நான் போன அன்று நடந்த சண்டை முழுவதும் கிசுகிசுவில் நடந்தது.

"யார் வரச் சொன்னது?" என்று மாமா கிசுகிசுத்தார்.

"உன் வீட்டுக்காரி. உன்னைப் பாக்க ஒண்ணும் வரல" என்று ரேடியோவும் கிசுகிசுத்தார். அதற்குமேல் அவர் பேசவில்லை. ரேடியோ பேசாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் காற்றழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் கேஜைத் திருகினேன். ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு மாமா மிதித்தார். முள் சோம்பலாக எழுந்து, ஏதோ மறந்ததுபோல் பாதியிலேயே நின்றது.

"கேஜ் ஒழுங்கா இருக்கா?"

"காலேஜ் லேப் கேஜ், மாமா."

"அதான் கேட்டேன்."

அடுத்தது எண்ணெய்ச் சோதனை. பிளக் துளை வழியே கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டால், தேய்ந்த ரிங்கின் சந்துகளை அது தற்காலிகமாக அடைக்கும். முள் முன்பைவிட ஏறினால் குற்றம் ரிங்குடையது. ஏறாவிட்டால் ரிங் நிரபராதி. இதைச் சொன்னபோது இருவரும் என்னை நீதிபதியைப் போலப் பார்த்தார்கள். போன செமஸ்டர் அரியர் என்பதை அந்தச் சமயத்தில் நான் ஞாபகப்படுத்தவில்லை.

ஆயிலை விட்டேன். மாமா மிதித்தார். ரேடியோ முள்ளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முள் அதே இடத்தில் நின்றது.

"ரிங் இல்ல" என்றேன். ரேடியோ மூச்சை விட்டார். மாமா மறுபடி மிதித்தார். அப்புறம் இன்னொரு தடவை. எதிர்பார்த்த ரிசல்ட் வராவிட்டால் பேப்பரை மறுமதிப்பீட்டுக்கு அனுப்புவது மனித இயல்பு.

"அப்ப எங்கதான்டா போவுது காத்து?"

பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கியரில் நிறுத்தி, பிளக் துளையில் டியூபைப் பொருத்திக் கால் பம்பால் காற்றடித்தோம். பம்ப் ரேடியோ காலில். காற்று தப்பிக்கும் வழியைக் காதால் பிடிப்பது எங்கள் வேலை. நான் ஆயில் மூடியைத் திறந்து கேட்டேன்; சத்தமில்லை. கார்புரேட்டரிலும் இல்லை.

மாமா மண்டிபோட்டுச் சைலன்சரில் காதை வைத்தார். மாமாவுக்கு லிஃப்ட் பராமரிக்கும் வேலை. அந்தத் தொழிலில் சத்தம்தான் முதல் அறிகுறி. எந்த மாடியில் எந்தக் கதவு முனகுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். விருந்தாளியாகப் போன வீட்டில்கூடக் கதவு கிரீச்சிட்டால் காபி ஆறுவதற்குள் எண்ணெய் போட்டுவிடுவார்.

"இங்கதான். உஸ்ஸுனு வருது" என்றார்.

"எக்ஸாஸ்ட் வால்வு மூடல" என்றார் ரேடியோ. "டேப்பட்டப் பாரு."

மேல்மூடியைக் கழற்றினேன். புகையை வெளியே விடும் அந்த வால்வை அழுத்தித் திறக்கிற கைதான் டேப்பட். வால்வு மூடியிருக்கும்போது அதற்கும் இதற்கும் நடுவில் தாள் கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் இரும்பு நீளும். நீள இடமில்லாவிட்டால் வால்வு கொஞ்சம் திறந்தபடியே நின்றுவிடும். என்னிடமிருந்த மிக மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தேன். நுனிகூடப் போகவில்லை. இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் பக்கத்து நட்டில் ஸ்பேனர் பட்ட கீறல் புதிதாகப் பளபளத்தது.

"நான் இதத் தொட்டதே இல்ல" என்றார் ரேடியோ.

அவரைச் சந்தேகிக்க அங்கே யாருமில்லை. மாமா தன் கைகளைத் துணியில் துடைக்க ஆரம்பித்திருந்தார். ஏற்கெனவே துடைத்த கைகள்தான்.

"டக் டக்குனு சத்தம் போட்டுச்சுடா" என்றார் கடைசியில்.

"அது போடத்தான் செய்யும். அந்த இடைவெளி இருந்தா அந்தச் சத்தம் வரும்" என்றார் ரேடியோ.

"எனக்கெப்படித் தெரியும்? சத்தம் வந்தா பழுதுன்னுதான் இத்தன வருஷமா சம்பளம் வாங்குறேன். குறையோட வண்டியக் குடுத்துட்டியேன்னு கேட்டா உன் மனசு கஷ்டப்படும். இவ வேற பகல்ல தூங்குறா. அதான் சத்தம் நிக்கிற வரைக்கும் நானே இறுக்கிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ பேசிட்டே இருப்ப."



நண்பன் மனம் கோணக் கூடாதென்று ஒரு குறையை நண்பனுக்கே தெரியாமல் சரிசெய்திருக்கிறார். அது குறையே அல்ல. பிறகு அந்தச் சரிசெய்தலால் வந்த குறைக்காக அதே நண்பனை வீட்டை விட்டுத் தள்ளிவைத்திருக்கிறார். இதை ஒரு படமாக வரைந்து அம்புக்குறி போட்டால் பரீட்சையில் கேட்கலாம். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. எனக்கும் மாமாவைப் போலச் சத்தம் வராத உறவுகள்தான் நல்ல உறவுகள் என்று ஒரு நினைப்பு இருந்தது.

நட்டைத் தளர்த்தி, தகடு லேசாக உரசிக்கொண்டு போகும் அளவுக்கு இடைவெளி வைத்து, மறுபடி இறுக்கினேன். கேஜில் முள் நன்றாக ஏறியது. முழுதாக ஏறவில்லை.

"வால்வு கொஞ்சம் வெந்திருக்கும்" என்றார் ரேடியோ. "பழைய மாதிரி முழுசா வராது. ஓடும்."

பிளக்கை மாட்டி மாமா மிதித்தபோது கிக்கர் அவர் காலைத் திருப்பித் தள்ளியது. இரண்டு மிதியில் எஞ்சின் பிடித்தது. அதனுள்ளிருந்து டக் டக்கென்று அந்தச் சத்தம்.

மேலே ஜன்னல் திறந்தது. மாமா பதறி எஞ்சினை நிறுத்தினார்.

"ஏன் நிறுத்துனீங்க?" என்றாள் அக்கா, தலை கலைந்தபடி.

"நீ தூங்குற..."

"வார்டுல ராத்திரி முழுக்க மிஷின் சத்தம்தான். அது பாட்டுக்குக் கேட்டுட்டிருந்தா நிம்மதி. நின்னாத்தான் எந்திரிச்சு ஓடணும்." கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "நீங்க மூணு பேரும் திருடனுங்க மாதிரி குசுகுசுன்னு பேசுறதுலதான் தூக்கம் போச்சு. சத்தமா பேசித் தொலைங்க."

ஜன்னலைத் திறந்தே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மாமா வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தார். அது ஓட ஓட, மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மாமாவின் காது ஒவ்வொரு டக்குக்கும் கூசியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. ரேடியோ ஸ்பேனர்களைத் துடைத்து என் பையில் அடுக்கிவிட்டுக் கிளம்பத் தயாரானார்.

"டேய்" என்றார் மாமா, இந்தத் தடவை முழுக் குரலில். "வண்டி நிக்கிறதுக்கு முன்னாடி போன்ல ஒண்ணு சொல்லிட்டிருந்தியே. உன் மச்சினி வீட்டு நாய் வேற வீட்டுல போய் இருந்துக்கிச்சுன்னு."

"நீதான் பாதியில கட் பண்ணிட்ட."

"அப்புறம் என்ன ஆச்சு?"

ரேடியோ வண்டியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். கவிழ்த்து வைத்த பெயிண்ட் டப்பாவைக் காலால் இழுத்துப்போட்டு அதில் உட்கார்ந்தார்.

"பாதியிலேர்ந்து சொன்னா உனக்குப் புரியாது. மொதல்லேர்ந்து சொல்றேன்" என்றார்.