முட்டைத் திருடனுக்குப் பக்கத்து இடம்

எங்கள் ஊர் ரோக்காஸ்பீனாவின் மாதா கோவிலில் வலப்பக்கச் சுவர் மோட்சம், இடப்பக்கச் சுவர் நரகம். இரண்டையும் வரைந்தவன் ஒரே ஆள்தான். அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பூசை நடக்கும்போது பாருங்கள், பிள்ளைகளின் கழுத்தெல்லாம் இடப்பக்கமே திரும்பியிருக்கும். பெரியவர்கள் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கோவிலுக்கு எதிரே பார் நடத்துகிறேன், அஞ்சலட்டையும் விற்கிறேன், எனக்குத் தெரியாதா? நரகம் கட்டுக் கட்டாகப் போகிறது. மோட்சம் மஞ்சள் பூத்துக் கிடக்கிறது.

அந்த நரகம் சுவரோடு நின்றுவிடவும் இல்லை. ஆளை விழுங்கும் நீலப் பிசாசு எங்கள் வைன் பாட்டிலில் இருக்கிறது, கால்பந்துக் குழுவின் கொடியில் இருக்கிறது, பையன்களின் தோளில் பச்சை குத்தியிருக்கிறது. ஐஸ்கிரீம் கடைக்காரன் மிளகாய் போட்ட சாக்லேட்டுக்கு, சுவரில் பாவிகள் வேகிற 'கொப்பரை'யின் பெயரை வைத்துக் கல்லா கட்டுகிறான். சோறு தின்ன மறுக்கும் பிள்ளையை அம்மா திட்டுவதுகூட, "நீ மூணாவது கொப்பரைக்குத்தான் போவே" என்றுதான்.

இத்தனைக்கும் காரணம் அந்த ஓவியன் செய்த குறும்பு. நரகத்தில் யார் யாரையோ போடாமல் எங்கள் ஊர்க்காரர்களையே பெயரோடு போட்டுவிட்டான். எடை குறைத்த கசாப்புக்காரன், மாவு திருடிய ஆலைக்காரன், வம்பு பேசிய விதவை. அந்தக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு! மருந்துக்கடைக்காரர் தன் பாட்டனுக்குப் பாட்டன் விஷம் வைத்துக் கொன்றவன் என்று கல்யாணத்தில் எழுந்து நின்று சொல்வார். பெயரில்லாதவன் ஒருத்தன்தான். கீழ் மூலையில், கையில் முட்டையோடு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு முட்டைத் திருடன் என்று நாங்களே பெயர் வைத்தோம். பிள்ளைகளுக்கு அவன்தான் செல்லம்.

தவக்காலம் தொடங்கும் முன் வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் கார்னிவல். அந்தச் சுவரை அப்படியே காகிதக்கூழில் செய்து, டிராக்டரில் கட்டி இழுப்போம். அதில் உயிரோடு இருக்கும் உள்ளூர் ஆள் ஒருவரின் முகமும் இருக்கும். யார் என்பது மூடிய துணி விழும்வரை அந்த ஆளுக்குத் தெரியக் கூடாது. விழுந்ததும் அவர் நாற்காலியில் ஏறி நின்று ஊரையே வாய்க்கு வந்தபடி திட்டலாம், யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது. நான் இரண்டு தடவை போயிருக்கிறேன், வைனில் தண்ணீர் கலந்ததற்காக. பச்சைப் பொய். ஆனாலும் அந்த இரண்டு நாட்களைப்போலச் சந்தோஷமான நாள் எனக்கு வாய்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே நிபந்தனை: வெளியாட்களைப் போடுவதில்லை. நம்மவரை வறுத்தால் அது பிரியம், விருந்தாளியை வறுத்தால் அது மரியாதைக்கேடு.

அந்த நிபந்தனையில்தான் நேதோ மாட்டிக்கொண்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அக்கரையிலிருந்து வந்தவர். எங்கள் மாட்டு வைத்தியர் ரென்ஸோவின் தங்கை ஃபியோரென்ஸாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊரில் பாதிக் கூரைக்கு ஓடு மாற்றியவர் அவர்தான். ஒவ்வொரு குளிர்காலமும் கார்னிவல் கொட்டகையில் மாவுப் பசை கிண்டுவதும் அவர்தான். கமிட்டித் தலைவர் ரென்ஸோ அவரை "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று தாங்குவார். முதல் தட்டு அவருக்கு, நல்ல நாற்காலி அவருக்கு. நரகத்தில் மட்டும் இடமில்லை.

மனிதர் என்னென்ன செய்து பார்த்தார் தெரியுமா? என் பாரில் எல்லாரும் பார்க்கச் சட்டைக்கைக்குள் சீட்டை ஒளித்து விளையாடினார். "பாவம், அக்கரையில அப்படித்தான் ஆடுவாங்க போல" என்றார்கள். ஊர்த்தலைவரின் காரை மறித்துக் கழுதையைக் கட்டினார். கழுதைக்குப் புல் கொண்டுவந்து போட்டார்கள். மாதா ஊர்வலத்தில் குடிகாரப் பாட்டைப் பாடினார். பங்குச் சாமியாரே தோளைத் தட்டி, "நல்ல குரல்" என்றார். எந்தப் பாவம் செய்தாலும் மன்னித்துத் தொலைக்கும் ஊரில் அந்த ஆள் என்னதான் செய்வார்?

இந்த வருஷம் ஜனவரியில் ஒருநாள் மத்தியானம் என் எதிரே வந்து உட்கார்ந்தார். வழக்கம்போல ரொட்டியைப் பிய்த்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்துத் தூவிக்கொண்டார். எங்கள் ரொட்டியில் உப்பு கிடையாது, அக்கரையில் போடுவார்கள்.

"தவக்காலம் ஆரம்பிச்சதும் சியேனா ஆஸ்பத்திரியில எனக்கு நெஞ்சைக் கிழிக்கப் போறாங்க, ஓர்னெல்லா" என்றார்.

"வால்வுதானே? இப்பல்லாம் அது பல்லு பிடுங்கற மாதிரி."

"பல்லுன்னா பரவாயில்லையே. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நான் போய்ச் சேர்ந்தா உங்க ஊர்ல என்ன சொல்லுவாங்க? 'அக்கரைக்காரர் ஒருத்தர் இருந்தாரே, நல்ல மனுஷன்'னு சொல்லுவாங்க, இல்ல?"

"நல்ல மனுஷன்னு சொன்னா கசக்குதா உனக்கு?"

"ஆமா, கசக்குது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைக் கழுவி ஊத்தி, நரகத்துல போட்டுட்டாங்கன்னா நிம்மதியா போய்ப் படுப்பேன்."

ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்தேன்.

அந்த வாரம்தான் மிலானிலிருந்து எலெட்ரா வந்தாள். கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற பெண். நரகத்துக்குள் இறங்கி இறங்கிப் போகிற விளையாட்டாம். அதற்காக எங்கள் சுவரைத் துண்டு துண்டாகப் படம்பிடித்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் காபி குடித்தபடி கேள்வியாகக் கேட்டாள். மோட்சத்துக்கு ஏன் யாரும் விளையாட்டு செய்வதில்லை? பிசாசு ஏன் நீலம்? எனக்கும் அந்த நோய் தொற்றிக்கொண்டது. வாழ்நாள் முழுக்கப் பார்த்த சுவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒருநாள் என்னையும் ரென்ஸோவையும் கோவிலுக்குள் இழுத்துப் போனாள். விளக்கைச் சுவரோடு சுவராகப் படுக்கவைத்து, முட்டைத் திருடனைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள்.

"அக்கா, நரகத்துல மத்தவங்கெல்லாம் எங்க பாக்கறாங்க?"

"பிசாசைத்தான். பயத்துல."

"இவன்?"

நான் பார்த்தேன். அவன் பிசாசைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தான்.

"கண்ணாடியில தன்னையே பாத்து வரையறவங்க முகம் இப்படித்தான் வரும்" என்றாள் எலெட்ரா. "விரல் நுனியைப் பாருங்க. நீலம், சிவப்பு, பச்சை. அது முழு முட்டையும் இல்ல, உடைச்ச பாதி ஓடு. அந்தக் காலத்துல முட்டைக்கருவுலதான் சாயம் குழைப்பாங்க."

ரென்ஸோ மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டினார். "அப்படின்னா இவன் திருடன் இல்லையா?"

"வரைஞ்ச ஆளே இவன்தான்னு தோணுது. நிச்சயமா சொல்ல முடியாது, சார். என் ஊகம்."

ஓவியன் எந்த ஊர்க்காரன் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கோவில் வாசலில் சலவைக்கல்லில் வெட்டியிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் வந்தால் அந்த வரியை மட்டும் நாங்கள் வேகமாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

"ரென்ஸோ, அவன் அக்கரைக்காரன்" என்றேன்.

"தெரியும், தெரியும்."

"நம்ம நரகத்துல அறுநூறு வருஷமா ஒரு அக்கரைக்காரன் உக்காந்திருக்கான். நம்ம பிள்ளைங்க அவன் படத்தைத் தலகாணிக்கு அடியில வச்சுத் தூங்குதுங்க. உங்க மாப்பிள்ளைக்கு மட்டும் ஏன் இடமில்ல?"

"ஏம்மா, வாழவந்த மனுஷனை ஊர் நடுவுல வச்சு அவமானப்படுத்தச் சொல்றியா? அவரு மனசு நோகாதா?"

அடக் கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக அந்த மனிதரின் மனம் நோகக் கூடாதென்று நினைத்தே இவர் நோகடித்திருக்கிறார். நேதோ என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். ரென்ஸோ நரகத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று கமிட்டி கூடியது. ஓவியனுக்கு ஒரு நியாயம், ஓடு மாற்றியவருக்கு ஒரு நியாயமா என்று நான் கத்தினேன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் ஒரு சிக்கல் வந்தது. முகத்துக்கு அடியில் பாவத்தை எழுத வேண்டுமே, நேதோவின் பாவம் எது? எதைச் சொன்னாலும், "அதை அப்பவே மன்னிச்சாச்சே" என்றார் ரென்ஸோ.

"உப்பு" என்றேன்.

ரென்ஸோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்டு மேசையிலயும் அதான்! என் தங்கச்சி சுட்ட ரொட்டியில, என் கண் முன்னாடி! பாவி, நரகத்துக்குப் போகட்டும்!" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் சரி, ஒன்றை நாங்கள் யோசிக்கவில்லை. முகம் தயாராகும் கொட்டகைக்குள் அந்த முகத்துக்குச் சொந்தக்காரரை விட முடியாது. பசை கிண்ட வந்த நேதோவை வாசலிலேயே மறித்தார் ரென்ஸோ. "இந்த வருஷம் பசங்க பாத்துக்குவாங்க, மாப்பிள்ளை. உங்களுக்கு நெஞ்சுக்கு ஆகாது, போய் ஓய்வெடுங்க."

நேதோ கையிலிருந்த துடுப்பைப் பார்த்தார். அதை மெதுவாகச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் பாருக்கும் வரவில்லை. வாயைத் திறந்தால் ரகசியம் போய்விடும், திறக்காவிட்டால் அவர் உடைந்துபோவார்.

கார்னிவல் ஞாயிறு வந்தது. சதுக்கத்தில் ஊரே கூடியிருக்க, கீழே கொட்டகையில் நாங்கள் டிராக்டரைக் கிளப்பிய நேரம், ஃபியோரென்ஸா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். அவளுக்கு வாயில் எதுவும் நிற்காது என்பதால் அவளிடமும் நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

"அண்ணே, உனக்குத் திருப்தியா? பையைத் தூக்கிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டாரு! 'பசைக்குக்கூட நான் ஆகமாட்டேன்னா உங்க ஊர்ல எனக்கு என்ன வேலை, அக்கரையில தங்கச்சி வீட்டுல இருந்துக்கறேன்'னுட்டாரு."

ரென்ஸோவின் முகம் வெளுத்தது. அப்புறம் டிராக்டர் ஓட்டுகிறவனைப் பார்த்துக் கத்தினார்: "திருப்புடா வண்டியை! பஸ் நிறுத்தத்துக்கு!"

"ஊர்வலம் மேலதானே போகணும்?"

"நரகம் கீழதான்டா இருக்கு, திருப்பு!"

எண்ணெய்ச்செக்குத் தெருவுக்குள் அந்த வண்டி நுழைந்ததே பெரிய கூத்து. நீலப் பிசாசின் கொம்பு கொடிக்கயிறுகளில் மாட்டி, யார் யார் வீட்டுப் போர்வையையோ அள்ளிக்கொண்டு வந்தது. என்ன நடக்கிறதென்று புரியாமல் சதுக்கத்துக் கூட்டம் பின்னாலேயே ஓடிவந்தது, வாத்தியக்காரர்கள் ஊதிக்கொண்டே. நிறுத்தத்தில் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. நேதோ ஒரு காலைப் படியில் வைத்திருந்தார். நரகம் பஸ்ஸை மறித்து நின்றது. ரென்ஸோ துணியை இழுத்தார்.

கீழ் மூலையில் முட்டைத் திருடன். அவனை இடித்துக்கொண்டு நேதோ, ஒரு கையில் ரொட்டி, மறு கையால் உப்பைத் தூவியபடி, எங்கள் எல்லாரையும் நேராகப் பார்த்துக்கொண்டு. அடியில் கொட்டை எழுத்தில்: 'ரொட்டியைக் கெடுத்த பாவி'.

நேதோ படியிலிருந்து காலை எடுத்தார். கிட்டே போனார். காகிதக்கூழ் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். "என் மூக்கு இவ்வளவு பெருசா?" என்றார்.

யாரோ என் பார் நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கிக் கடத்திக் கொண்டுவந்தார்கள். ரென்ஸோ தாங்கிப் பிடிக்க, நேதோ மேலே ஏறினார். எனக்குப் பயமாக இருந்தது, நெஞ்சு தாங்குமா என்று. தாங்கியது. நாற்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தார் போல. ஒழுகுகிற கூரைக்கு ஓசியில் ஓடு கேட்ட சாமியாரில் ஆரம்பித்தார். என் வைனைத் திட்டினார். மச்சானின் குறட்டையைத் திட்டினார். "அப்புறம் உங்க ரொட்டி! அது ரொட்டியாய்யா? செருப்புத் தோல்! மாட்டுக்குப் போட்டா மாடு கேஸ் போடும்!" கூட்டம் கைதட்டி ஊளையிட்டது. ஃபியோரென்ஸா அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே சிரித்தாள். எலெட்ரா படம் பிடிக்க மறந்துபோய் நின்றாள்.

பஸ் டிரைவர் அக்கரைப் பையன், புதிதாக வேலைக்கு வந்தவன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"பெரியவரே, என்ன அநியாயம் இது? வயசான மனுஷனைப் பிடிச்சு நரகத்துல போட்டிருக்காங்க. நீங்க ஏறுங்க, ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

நேதோ நாற்காலியின் மேலிருந்து அவனைப் பார்த்தார்.

"நீ போப்பா" என்றார். "வெளியூர்க்காரனுக்கு இதெல்லாம் விளங்காது. எங்க ஊர்ல நாங்க இப்படித்தான்."