கஸாலிடம் கேட்கப்பட்ட கேள்வி

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. போவன்பள்ளிச் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நஸ்ரின் வாயிலிருந்து பிடுங்கினேன். நஸ்ரின் என் பக்கத்து வீட்டுக்காரி, மேலப்பாளையத்துப் பெண். அவள் வாப்பா குவைத்தில் வேலை பார்த்ததால் அங்கேயே வளர்ந்தவள், அரபி சரளம். ஹைதராபாத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், இராக்கிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு மொழிபெயர்க்கிறாள். நான் பகலில் மென்பொருள் சோதிக்கிறேன். மற்ற நேரத்தில் கதை எழுதுகிறேன்.

"ஒரு யசீதிப் பொண்ணு வந்திருக்கா லலிதாக்கா," என்றாள். அதற்கப்புறம் நான் பொறுக்கியதெல்லாம் சொத்தைக் காய். கதை கிடைக்கப்போகிறது என்றால் எனக்குக் கண் தெரியாது.

2

முதல் தொடக்கம்: சிஞ்சார் மலையின் மௌனம் அவள் கண்களில்—

வேண்டாம். நான் சிஞ்சார் மலையைப் பார்த்ததில்லை. அவள் கண்களையும்தான்.

இரண்டாம் தொடக்கம்: 2014 ஆகஸ்டில் ஐ.எஸ். படையினர் இராக்கின் சிஞ்சார் பகுதிக்குள் புகுந்து, அங்கே வாழ்ந்த சிறுபான்மை மதத்தவரான யசீதிகளில் ஆண்களைக் கொன்றார்கள். பெண்களையும் சிறுமிகளையும் பிடித்துப்போய் அடிமைகளாக விற்றார்கள்.

இது செய்தித்தாள் நடை. தெரியாதவர்களுக்காக விட்டுவைக்கிறேன்.

மூன்றாவது, நஸ்ரின் சொன்னது. முதல் நாள் அந்தப் பெண் அவளிடம் ஒன்றுதான் கேட்டாளாம்: "இந்த மொழியை என்னிடம் மெதுவாகப் பேசு. சத்தமாக நிறையக் கேட்டுவிட்டேன்." அவளுடைய தாய்மொழி குர்தி. அரபி நன்றாகப் பழகியது சிறையிருப்பில்.

(பெயரை நஸ்ரின் சொல்லவில்லை. கஸால் என்பது நான் வைத்தது. முதல் பிரதியில் காஞ்சனா என்று இருந்தது. வாசகருக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று நினைத்தேனாம். அபத்தம்.)

3

கஸாலுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. கூட வந்தது அண்ணன் சைதோ. அந்த வீட்டில் மிஞ்சியது இந்த இரண்டு பேர்தான். சைதோவை முதலில் முறைத்துப் பார்க்கிற ஆளாக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி.

"அந்தப் பையன் தங்கச்சிக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துக்கிட்டே இருப்பான்க்கா. நீங்க என்னத்தை எழுதி வச்சிருக்கீங்க?" என்று நஸ்ரின் சண்டைக்கு வந்தாள். வில்லனை நீக்கிவிட்டேன்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் உடுத்தச் சொல்லி நீல அங்கி கொடுத்தார்கள். கஸால் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். யசீதிகளில் பலர் நீலம் உடுத்துவதில்லை. [இங்கே இரண்டு பக்கத்துக்கு ஒரு விளக்கம் இருந்தது. எல்லாம் இரவல் அறிவு. வெட்டிவிட்டேன்.] கஸால் சொன்ன காரணமோ வேறு: "ஊரில் அம்மாவுக்குத் தெரியாமல் நானே நீலம் போட்டிருக்கிறேன். ஆனால் வருடக்கணக்காக, பிடித்துப்போனவர்கள் கொடுத்ததைத்தான் உடுத்தினேன். இனி வேண்டாம் என்றால் வேண்டாம்."

நர்ஸ் ஆரோக்கியமேரி லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்த தமிழ்ப் பெண். "நீலம் நக்கோவா? வேண்டாம்னா சரி விடும்மா, பச்சை கொண்டாறேன். இதுக்குப் போய் மூணு பேர் கூடி நிக்கிறீங்க," என்று போய்விட்டார்.

4

பிறகு டாக்டர் வந்தார். ஆங்கிலத்தில் கேட்டார்: "இதுவரை எத்தனை பிரசவம்?"

எந்தப் பெண்ணிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் மீண்டு வந்த யசீதிப் பெண்களைப் புனித ஊற்றில் நீராட்டிச் சேர்த்துக்கொண்ட சமூகம், சிறையிருப்பில் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிள்ளையா, வீடா என்று பல தாய்மார்கள் ஒன்றை விட வேண்டியிருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் எவ்வளவு என்று பிரிக்கத்தான் தெரியவில்லை.

கஸாலுக்கு அப்படி ஒரு குழந்தை உண்டா? தெரியாது. இருந்து, அவள் ‘உண்டு’ என்று சொன்னால் பக்கத்தில் நிற்கும் அண்ணன் காதில் விழும். ‘இல்லை’ என்று சொன்னால் கத்தி பிடிக்கப்போகிற டாக்டரிடம் பொய் சொன்னதாகும். சைதோவுக்கு ஆங்கிலம் தெரியாது, அரபி தெரியும். நஸ்ரின் வாயைத் திறக்கும்வரைதான் பாதுகாப்பு.

மொழிபெயர்ப்பாளருக்கு விதி உண்டு: சொன்னதை மட்டும் சொல், கூட்டாதே, குறைக்காதே. மீறினால் வேலை போய்விடும்.

நஸ்ரின் சைதோவிடம் திரும்பி, டாக்டர் சொல்லாததை அரபியில் சொன்னாள்: "பரிசோதனை செய்யணுமாம். ஆண்கள் வெளியே இருக்கணும்."

அவன் போனான். கஸாலுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பது அப்போதுதான் நஸ்ரினுக்குத் தெரிந்தது.

"டாக்டர் அப்படிச் சொல்லவில்லையே," என்றாள் கஸால்.

"இல்லை."

கஸால் சொன்னாள்: "கதவைச் சாத்து. நான் பதில் சொல்கிறேன்."

5

கைவசம் மூன்று முடிவுகள் இருந்தன. அண்ணனுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும், தெரியாததுபோல் எழுந்து போகிறான். அல்லது கஸாலே அவனைத் திரும்பக் கூப்பிட்டு, அவன் முன்னாலேயே சொல்கிறாள். கைதட்டல் வாங்கும் முடிவு. அல்லது அவளுக்குக் குழந்தையே இல்லை, நாம் பதறியதெல்லாம்—

நஸ்ரினிடம் படித்துக் காட்டினேன்.

"அவ என்ன சொன்னான்னு கேக்கத்தான இவ்வளவு சுத்து சுத்துதீங்க?"

"ஆமா. என்ன சொன்னா?"

"‘எங்களுக்கு நடந்ததை ஊருக்கெல்லாம் சொல்லு, இந்தக் கதவு சாத்துன வரைக்கும் சொல்லு’ன்னா அவ. அதான் உங்ககிட்டச் சொன்னேன்."

"அப்புறம்?"

"கூடப்பொறந்த அண்ணனையே வெளிய நிக்க வச்சேன்க்கா. உங்கள எப்படி உள்ள விடுவேன்?"

எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. கோபமாகவும் இருந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

6

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கஸால் ஊர் திரும்பிவிட்டாள். நஸ்ரின் வேலையும் போகவில்லை.

நீங்கள் இவ்வளவு தூரம் வந்தது அந்தப் பதிலுக்காக என்று தெரியும். நானும் அதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே கஸால் பேசிக்கொண்டிருக்கிறாள். வெளியே பெஞ்சில் சைதோ உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் நான். இதோ, கொஞ்சம் தள்ளிக்கொள்கிறேன். நீங்களும் உட்காருங்கள். அவனிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள்.