கடைசிச் சீட்டைப் போடாதவர்கள்

கந்தவேல் திருமலைச்சாமிக்குத் தர வேண்டியது நாற்பத்தேழாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். பெருமாள்மலை முக்கில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் வைக்க வாங்கிய பணம், 2007 வைகாசியில் வட்டியோடு அந்தத் தொகையில் வந்து நின்றது. திருமலைச்சாமிக்குக் கேரட் மண்டி. ஒரு நாளும் சத்தம் போட்டவரில்லை. வெள்ளனே வந்து வாசலில் நின்று, உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். வைது தொலைத்தால்கூடத் தேவலை என்றிருக்கும் கந்தவேலுக்கு.

கடைக்கு ஆள் வரத்து குறைந்ததும் அவன் இணையத்தில் ஒரு விளையாட்டுத் தளம் கட்டினான். கார் பந்தயம், கிரிக்கெட், குரங்கு தாவுகிற ஆட்டம். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அதையெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் இதைவிட நூறு மடங்கு பளபளப்பாகச் சும்மாவே தருகிறான். யாருக்குத்தான் இன்னும் எவனும் ஆட்டம் செய்து கொடுக்கவில்லை என்று மண்டையைக் குடைந்துகொண்டு கிடந்தபோது செத்துப்போன அப்பாவின் ஞாபகம் வந்தது. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஞாயிற்றுக்கிழமை கூட வந்தவர்களோடு முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம் ஆட உட்கார்ந்தால் சோற்றுக்கும் எழுந்திருக்க மாட்டார். நாலு பேர், ஆளுக்கு எட்டுச் சீட்டு. அந்த ஆட்டத்தைத் தளத்தில் போட்டான். பக்கத்தில் எழுதிப் பேசிக்கொள்ள ஒரு கட்டமும் வைத்தான்.

ஒரே மாதத்தில் கோத்தகிரி, அட்டன், பதுளை, துபாய் என்று நானூறு பேர் வந்துவிட்டார்கள். கப்பலேறியவர்கள் பாதி, தோட்டத்திலேயே தங்கிப்போனவர்கள் பாதி. ரொம்ப நாளைக்குப் பிறகு கந்தவேல் சோற்றை ருசித்துத் தின்றான். ஒரு ஆட்டம் முடிந்தால் ஒரு விளம்பரம் வரும், அதற்குப் பத்துப் பைசா என்று ஒரு சென்னைக் கம்பெனியோடு பேச்சு. மாதக் கடைசியில் வந்தது பதினோரு ரூபாய் நாற்பது பைசா.

மேஜைகள் என்னவோ நாள் முழுக்க நிறைந்துதான் இருந்தன. ஒன்றில் எட்டிப் பார்த்தான். ஏழு சீட்டு மளமளவென்று விழுந்தது. எட்டாவதை ஒருவரும் போடவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் எந்தத் தோட்டம், எந்த லயத்து வீடு, இன்னார் மகன் உயிரோடு இருக்கிறாரா என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஆட்டம் முடிந்தால் மேஜை கலைந்து, அடுத்ததில் வேறு யாரோடோ உட்கார வைத்துவிடும். அப்படிச் செய்து வைத்தவன் அவன்தான். அவன் கடையிலேயே குப்பம்மாள், கேரட் கழுவுகிறவள், ஞாயிறுதோறும் வந்து உட்காருவாள். அவளுக்காகச் சீட்டைக் கந்தவேல்தான் போட்டுக் கொடுப்பான். ஏழு போட்டதும், போதும் தம்பி என்று கையைப் பிடித்துக்கொள்வாள். அப்போது அது உறைக்கவில்லை. குப்பம்மாள் முப்பத்தைந்து வருஷமாகப் பார்க்காத அவள் அக்காவை, அட்டனில் இதே மாதிரி ஒரு கடைக்கு அக்காவின் பேரன் கூட்டி வருவான். நாற்பது வயதுக்கு மேல் அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்த குப்பம்மாள், ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுவாள்.

விஷயத்தைக் கேட்டுத் திருமலைச்சாமி முதல் தடவையாகச் சிரித்தார்.

"முடிஞ்சாத்தானலே காசு? முடிச்சு விடு. மண்டியில ஏலம் ஓடையில எவனாச்சும் மூட்டைய மடியில வச்சுக்கிட்டு ஊர்க்கத பேசுவானா?"

சீட்டுக்கு முப்பது விநாடி என்று கெடு வைத்தான் கந்தவேல். தாண்டினால் கம்ப்யூட்டரே போட்டுவிடும். முதல் வாரம் நாளுக்கு நாற்பது ரூபாய் வந்தது. இரண்டாம் வாரம் பாதி ஆனது.

"ஒரு எழுத்தத் தேடி எடுக்குறதுக்குள்ள கதவச் சாத்திப்புடுது தம்பி," என்றாள் குப்பம்மாள். "அம்மா எப்படிச் செத்துச்சுன்னு அக்கா கேட்டுச்சு. 'அ' மட்டுந்தான் போட்டேன்."

அன்றைக்கே கெடுவை எடுத்திருக்கலாம். இன்னும் ரெண்டு வாரம், ரெண்டே வாரம் என்று வைத்திருந்தான். எடுத்தபோது மேஜைகளில் ஈ காக்கை இல்லை. தளத்துக்குக் கட்ட வேண்டிய வாடகையும் பாக்கி விழுந்து, ஆவணி மாதத்து ஒரு ஞாயிறு சாயங்காலத்தோடு அது நின்றுவிடும் என்றாகிவிட்டது.

அன்று மதியமே திருமலைச்சாமி ஜீப்போடு வந்தார். நாலு கம்ப்யூட்டர், மேஜை, நாற்காலி எல்லாம் சேர்த்தாலும் பாதிக்குத்தான் தேறும் என்றார். பிறகு நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"மிச்சத்த விட்டுட்டேன். ஒங்கப்பன் எனக்கு நெறைய மூட்ட தூக்கியிருக்கான்."

இந்தச் சொல்லுக்காகத்தான் அவன் ஒரு வருஷமாகத் தூங்காமல் கிடந்தான். இப்போது கேட்டுக்கொண்டே, முதல் கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினான்.

மூன்று கம்ப்யூட்டர்கள் ஜீப்பில் ஏறின. நாலாவதன் முன்னால் குப்பம்மாள் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். தளத்தில் சீட்டே இல்லாத மேஜை ஒன்றை அவளுக்கென்று கந்தவேல் திறந்து வைத்து, முகப்பில் அவள் அக்காவின் பேரைப் பெரிதாகப் போட்டிருந்தான். லோடுமேன் செல்லப்பாண்டி கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஒயரில் கை வைத்தபோது, திரையில் எதிர்ப்பக்கத்து இடத்தில் அந்தப் பேர் விழுந்தது.

"வெரசா முடிங்கக்கா, மழ வருது," என்றான் செல்லப்பாண்டி.

"இருலே," என்றார் திருமலைச்சாமி.

வெளியே முதல் தூறல் ஜீப்பின் தார்ப்பாயில் விழுந்தது. உள்ளே மூன்று ஆண்கள் நின்றுகொண்டிருக்க, குப்பம்மாள் கேரட் மண் ஏறிய விரலை எழுத்துகளுக்கு மேலே கொண்டுபோய், ஒவ்வொரு வரிசையாக, 'அ'வுக்கு அடுத்த 'ம்'மைத் தேடிக்கொண்டிருந்தாள்.