கூப்பர் வீடு

சிதம்பரம் போகும் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் ரெஜினால்ட் கூப்பரால் உட்கார முடியவில்லை. ஆலப்பாக்கம் வருவதற்குள் பல தடவை எழுந்து கதவருகே போய் நின்றான். உப்புக்காற்று முகத்தில் அடித்தது. சட்டைக் காலரைத் தளர்த்தினான், மறுபடி இறுக்கினான்.

அவன் மனைவி மேபெல்லின் தங்கை ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டிருந்தாள்; தகப்பன் வழியில் ஒரு வெள்ளைக்காரர் இருந்ததாகக் காட்டினால் இவர்களும் வந்துவிடலாம் என்று எழுதியிருந்தாள். அதிலிருந்து மேபெல்லுக்குத் தூக்கம் போயிற்று, ரெஜினால்டுக்கு நிம்மதி போயிற்று. கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரில் துறைமுக அலுவலகத்து டைப்பிஸ்ட் அவன். இங்கிலாந்தில் பீப்பாய் செய்கிறவனுக்குக் கூப்பர் என்று பெயர், அந்தத் தொழிலே நம் குடும்பப் பெயராயிற்று, அந்த வம்சத்து வில்லியம் என்ற சிப்பாய்தான் தேவனாம்பட்டினக் கோட்டைக்கு வந்தவர் என்று அப்பா சொல்லியிருந்தார். ஆனால் சர்ச்சில் யாரைக் கேட்டாலும் கொள்ளுத்தாத்தா தானியேலுக்கு மேலே தெரியவில்லை. தெருக்கோடி மிஸஸ் பர்டெட் நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னால், வெள்ளைக்கார வம்சம்தான் என்று பாதிரியார் சான்று தருவார். அந்த அம்மாளை ஞாயிற்றுக்கிழமை டீக்கு அழைத்திருந்தாள் மேபெல்.

இதற்கிடையில்தான் கூட வேலை பார்க்கும் ஜமாலுதீன், "எங்க மாமனாரு வூட்டுக்கு எதுத்தாப்புல ஒரு கூப்பர் வூடு இருக்கு சார், சிதம்பரத்துல" என்றான். வில்லியமின் கிளை ஒன்று அங்கே தங்கியிருக்குமோ? ரெஜினால்ட் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான்.

கதவைத் திறந்தவர் நெற்றி நிறைய திருநீறு பூசியிருந்தார். சிற்றம்பலம் என்று பேர் சொன்னார். ரெஜினால்ட் தன் பெயரையும் ஊரையும் சொன்னதும் அவர் அவனை வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

"குணசுந்தரி, இங்க வந்து பாரேன். ஓ.டி.லேருந்து தானியேலு வூட்டு ஆளு வந்திருக்காரு!"

"தானியேலை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம என்னங்க? அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கப்பலுக்குத் தண்ணிப் பீப்பா செஞ்சவுங்க. தொர கூப்பர், கூப்பர்னுதான் கூப்புடுவாராம். மூத்தவரு ஏசு வேதத்துல சேந்து தானியேலுன்னு பேரு வச்சிக்கிட்டு அங்கியே இருந்துட்டாரு. எளையவரு இங்க வந்துட்டாரு. நாங்க அவரு வழி."

"வில்லியம்னு ஒருத்தர்..."

"அப்புடி யாரும் நம்ம வூட்டுல கெடையாதே."

குணசுந்தரி மோர் கொண்டுவந்தாள். சிற்றம்பலத்தின் காதுமடல் அவனுடையதைப் போலவே மேலே சற்று மடிந்திருந்தது. மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். வாசல்வரை வந்த சிற்றம்பலம், ஓ.டி.யில் எந்தத் தெரு என்று கேட்டார். பொய் சொல்ல அவனுக்குச் சட்டென்று வரவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னான். மேபெல் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"நீ போயிருக்கவே கூடாது, ரெஜி. பேரு இருக்கில்ல? அது போதும்."

"அது அவர்கிட்டயும் இருக்கு."

"அவுங்க ஒண்ணும் ஆஸ்திரேலியா போகல."

அந்த வாரம் முழுக்க அவன் டைப் அடித்த தாள்களில் பிழை மலிந்தது. ஆபீஸ் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உப்பனாற்றங்கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மிஸஸ் பர்டெட் வந்தாள். மேபெல் வில்லியமை அருகிலிருந்து பார்த்தவள்போலப் பேசினாள். அவருடைய சிவப்புக் கோட்டு, நீலக் கண். ரெஜினால்ட் கேக்கைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே உதிர்த்துக்கொண்டிருந்தான். "எல்லாம் உன் தகப்பனார் சொன்னதுதானே?" என்று மிஸஸ் பர்டெட் அவனைக் கேட்டபோது வாசலில் குதிரைவண்டி நின்றது.

சிற்றம்பலமும் குணசுந்தரியும் இறங்கினார்கள். அவள் கையில் தாம்பாளம். பூவும் பழமும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையும்.

"அண்ணே, பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். பங்காளி வூட்டுக்குச் சொல்லாம எப்புடி?" என்றார் சிற்றம்பலம்.

மிஸஸ் பர்டெட் கோப்பையைக் கீழே வைத்தாள். "யார் இவர்கள், ரெஜினால்ட்?"

மேபெல் அவனையே பார்த்தாள். வாசலில் வெயில் கொளுத்தியது. குணசுந்தரி செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரச் சொல்வார்களென்று, சுடுகிற படிக்கட்டில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். ரெஜினால்ட் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, தாம்பாளத்தை வாங்கக் கை நீட்டியபடி வாசலுக்குப் போனான்.